சொன்னதைத் திருப்பிச் சொல்கிறவர்

அப்பா மைக்கைக் கையில் வாங்கி முதல் வாக்கியத்தைச் சொன்னார். பிறகு நின்றுவிட்டார்.

எதிரே அறுபது பேர் இருந்தார்கள். அந்த ஒன்பது மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில், மற்ற நாட்களில் சைக்கிள்களும் உடைந்த கட்டில்களும் கிடக்கும் கூடத்தை அன்றைக்காக ஒதுக்கி நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் மேசை, மேசைக்குப் பின்னால் குடியிருப்போர் சங்கத் தலைவர், அவர் முன்னால் ஒரு பித்தளை மணி. யாராவது அளவுக்கு மீறிப் பேசினால் அடிப்பதற்கு. அப்பா விஷயத்தில் அது தேவைப்படாது என்று தலைவருக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

நான் கடைசி வரிசையில் மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தேன். அப்பா பேச வேண்டிய இரண்டு பக்கங்களை எழுதிக் கொடுத்தது நான்தான். அடுத்த வாக்கியம் என்னவென்று எனக்குத் தெரியும். உதட்டை அசைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்து, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்க முயல்கிறவர் போல நின்றார். வியர்வை கழுத்து வழியாக இறங்கிக் காலரை நனைத்தது. நான் நாற்பது வரை எண்ணினேன்.

"கரண்ட் போயிடுச்சு போல," என்றது ஒரு குரல்.

கூடம் சிரித்தது. அப்பா மைக்கை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். தலைவர் பெருந்தன்மையாகவே பேசினார். எல்லாருக்கும் பேச வராது, அதில் தப்பில்லை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை லிஃப்டைப் பற்றி ஓட்டெடுப்பு, அதற்கு முன் மெக்கானிக்குக்கு மூன்று நிமிடம் தருகிறோம், முடியாவிட்டால் எழுதிக் கொடுக்கட்டும் என்றார். அப்பா எழுதிக் கொடுத்த தாள்கள் நான்கு அந்த மேசையின் இழுப்பறையில் ஏற்கெனவே கிடந்தன.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருடமாக அதே வேலை. அந்தக் கட்டடத்தில் இருப்பது ஒரே லிஃப்ட், வயதில் என்னைவிட மூத்தது. மூன்று மாதமாக அது தளத்தில் சரியாக நிற்கவில்லை. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போய் நின்றது. அப்பா அதை விரலால் அளப்பார். வாசல் விளிம்புக்கும் லிஃப்டின் தரைக்கும் நடுவே விரல்களைப் படுக்கைவாட்டில் அடுக்கிப் பார்ப்பார். முதல் மாதம் ஒரு விரல். அடுத்த மாதம் இரண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று. மேலே மோட்டார் அறையில் இருக்கும் பிரேக் தேய்ந்துவிட்டது. அதை இறுக்குவதற்கென்று ஒரு திருகு உண்டு. அப்பா இறுக்கி இறுக்கி அதுவும் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. அந்த மாதிரிக்கு இப்போது பிரேக் கிடைப்பதில்லை, மோட்டாரோடு சேர்த்து மாற்ற வேண்டும். பதினோரு நாள் லிஃப்ட் ஓடாது.

குடியிருந்தவர்களுக்கு அது வெறும் படி. லிஃப்டில் ஒரு படி வந்திருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள் என்று யாரோ தாளில் எழுதி உள்ளே ஒட்டியும் வைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும், வருடக் கடைசியில் சான்றிதழ் புதுப்பிக்கும்போது எல்லாவற்றையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்பது சங்கத்தின் முடிவு. வருடக் கடைசிக்கு நான்கு மாதம் இருந்தது. அதற்குள் ஒருநாள், கதவு திறந்து, யாரோ ஒருவர் ஒரு காலை உள்ளே வைத்து மறு கால் வெளியே இருக்கும்போது, லிஃப்ட் வண்டி நிற்காமல் இறங்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். எந்த நாள் என்பது மட்டும் தெரியாது.

ஒருமுறை அவராகவே மெயினை அணைத்துவிட்டு வந்தார். இரண்டு மணி நேரத்தில் கம்பெனி மேனேஜர் போனில் கத்தி மறுபடியும் போட வைத்தார். இன்னொரு முறை இப்படிச் செய்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று கடிதமும் வந்தது. மேனேஜர் சங்கத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்பிய அறிக்கையை நான் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். இரண்டு மொழியிலும் அது ஒரே மாதிரி வழுவழுப்பாகத்தான் இருந்தது. "உரிய காலத்தில் மாற்றுவது பரிந்துரைக்கப்படுகிறது."

"உரிய காலம்னா எப்ப?" என்று கேட்டார் அப்பா. அதை அறிக்கை சொல்லவில்லை.

பேச வேண்டியவர் உண்மையில் அப்பா இல்லை. அவருடைய கூட்டாளிதான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். எனக்கு மாமா முறை சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம். ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு வானொலி என்று பெயர், அப்பாவுக்கு எதிரொலி. ஆனால் மாமா போன மாதக் கூட்டத்தில் வாய் தவறி, தவறி என்று சொல்ல முடியாது, தெளிவாகவே, தலைவரைப் பார்த்து, முதல் மாடியில் குடியிருப்பவனுக்கு லிஃப்டைப் பற்றி என்ன கவலை, செருப்பு தேய்வதைப் பற்றித்தானே இருக்கும் என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்தக் கூடத்துக்குள் அவர் கால் வைக்கக் கூடாது.

எதிரொலி என்ற பெயருக்குக் காரணம் உண்டு. அப்பாவுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது நடந்தது. லிஃப்ட் வேலையில் ஒருவர் உச்சியில் மோட்டார் அறையில் இருப்பார், மற்றவர் கீழே வண்டியின் கூரைமேல் நிற்பார். நடுவில் இருட்டான கிணறு போல ஒரு குழாய். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அன்று மாமா கீழேயிருந்து, நான் வெளியே போகிறேன், பிறகு வண்டியை எடு என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. மனதுக்குள் பத்து எண்ணினார், வண்டியை எடுத்தார். மாமாவின் வலது கால் அப்போதும் வண்டியின் கூரை உத்தரத்தில்தான் இருந்தது.

கணுக்கால் எலும்பு சரியாக ஒட்டவே இல்லை. மாமா இன்றும் விந்தித்தான் நடக்கிறார். ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்துக்கொண்டே அவர் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் நான் சொல்வதை நீ அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், நீ சொல்வதை நான் திருப்பிச் சொல்வேன், திருப்பிச் சொன்னது காதில் விழாமல் யாரும் ஒரு விரலை அசைக்கக் கூடாது. அப்பா அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அங்கேயே திருப்பிச் சொன்னாராம்.

பிறகு அது வேலையோடு நிற்கவில்லை. உப்பு தீர்ந்துபோச்சு என்று அம்மா சொன்னால், "உப்பு தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போடுவார். கல்யாணமான புதிதில் தன்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அம்மா மூன்று நாள் பேசவே இல்லையாம். பேசாததால் அப்பாவுக்கும் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனதாம்.

கூட்டத்துக்கு மறுநாளிலிருந்து வீட்டில் பயிற்சி நடந்தது. அப்பா வேலையிலிருந்து வந்து, கை கழுவி, சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் நின்று, என் இரண்டு பக்கங்களை மனப்பாடமாகச் சொல்லிப் பார்ப்பார். தப்பே இல்லாமல் முழுவதும் அவருக்குத் தெரியும். முதல் வாக்கியம் முடிந்ததும் நிற்பார். நான் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பேன். எனக்கும் தெரியும் என்பார். இரண்டாவது வாக்கியத்தின் முடிவிலும் நிற்பார். கண்ணாடி முன்னால் நின்று பேசச் சொன்னேன். கைக்கு ஒரு பேனாவைக் கொடுத்தேன். மூச்சை இழுத்து விடச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பேனா உடைந்தது.

புதன்கிழமை அந்தக் கட்டடத்திலிருந்து போன் வந்து அப்பா ஓடினார். ஒன்பதாம் மாடியில் ஒரு தையற்காரம்மா இருக்கிறார். அவர் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் மூன்று நாள் சக்கர நாற்காலியில் வைத்து இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப் போகிறார். அன்று நாற்காலியின் முன்சக்கரங்கள் அந்தப் படியில் இறங்கிச் சிக்கிக்கொண்டன. அப்பாவும் காவலாளியும் சேர்ந்து தூக்கி விடுவிக்கும்போது, கதவு திறந்தபடியே, வண்டி இன்னும் ஒரு விரல் இறங்கியது. நாற்காலியில் இருந்தவர் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல் அடையாளம் இரவுச் சாப்பாட்டின்போதும் சிவப்பாகத் தெரிந்தது.

அதைக் கண்ணால் பார்த்த பிறகும் தையற்காரம்மா லிஃப்டைப் பூட்டாமல் சரிசெய்து கொடுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார். பூட்டக் கூடாது என்று மாடிக்கு மாடி ஏறிச் சொல்லி வருவதும் அவர்தான். அப்பாவால் அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அதுதான் அவரை அதிகம் வதைத்தது.

வியாழக்கிழமை மாலை மறுபடியும் ஒத்திகை. அப்பா முதல் வாக்கியத்தைச் சொல்லி நின்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கையில் கரண்டியோடு வந்து அவர் எதிரில் நின்றார்.

"ஏங்க, மறந்துபோகுதா?"

"மறக்கல."

"பயமா?"

"பயம்தான். ஆனா அதனால நிக்கல."

"பின்ன எதுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

அப்பா தனக்கே அப்போதுதான் தெரிகிறது என்பது போல மெதுவாகச் சொன்னார்.

"யாரும் திருப்பிச் சொல்ல மாட்டேங்கறாங்க."

நாற்பது எண்ணும்வரை அவர் அந்தக் கூடத்தில் எதற்காகக் காதைச் சாய்த்து நின்றார் என்று எனக்கு அப்போது புரிந்தது. முப்பது வருடமாக அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அது கீழேயிருந்து திரும்பி வராமல் அடுத்ததைச் சொன்னதில்லை. திரும்பி வராத வாக்கியத்தின் மேல் ஏறி நடந்தால் யாருடைய கால் போகும் என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நீ பேசி முடிக்கிறதுக்குள்ள அந்த லிஃப்ட் வெறுத்துப்போய்த் தானாவே சரியாயிடும் என்றார். அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். கிணற்றுக்குள் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள், ஆரம்பி என்றார்.

அப்பா என் முதல் வாக்கியத்தைச் சொன்னார்.

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, உங்கள் பாதுகாப்பின் இன்றியமையாமை குறித்துச் சில கருத்துகளை முன்வைக்க விழைகிறேன்."

மாமா சுவரைப் பார்த்தபடி திருப்பிச் சொல்லத் தொடங்கினார். "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே. பெரியோர்களே. உங்கள் பாதுகாப்பு... அப்புறம் ஏதோ ஆமை வந்துச்சே. அந்த ஆமை என்ன பண்ணிச்சு?"

அம்மா சிரித்தார். எனக்குக் காது சூடேறியது. பள்ளியில் இரண்டு மொழியிலும் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நான். மாமா திரும்பிப் பார்க்காமலே, கண்ணு, உன்னைச் சொல்லல, என் மண்டையைச் சொல்றேன் என்றார். ஆனால் அடுத்த வாக்கியத்தையும் அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அதற்கடுத்ததில் பாதிதான் வந்தது. அப்பா சமையலறையிலிருந்து பென்சிலை எடுத்து வந்தார். மாமாவால் ஒரே மூச்சில் திருப்பிச் சொல்ல முடியாத வாக்கியம் எதுவோ அதன்மேல் ஒரு கோடு. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "அண்மைக் காலமாக" போனது. "தொழில்நுட்பக் காரணங்களினால்" போனது. முதல் பக்கத்தில் ஒரு வரிகூடத் தேறவில்லை. இரண்டாம் பக்கத்தில் ஒன்று தேறியது.

மீதியை அப்பாவே சொன்னார், வேலையில் சொல்கிற மாதிரி. ஒவ்வொன்றும் மாமாவிடம் போய்த் திரும்பி வந்தது. திரும்பி வந்ததை நான் எழுதினேன். ஏழு வாக்கியங்கள். கடைசியில் எழுதியது ஒரு மருந்துச் சீட்டு அளவுகூட இல்லை.

கூடத்தில் மாமா இருக்க மாட்டாரே என்று அம்மா கேட்டார். நான் இருப்பேன் என்றேன். முதல் வாக்கியத்தை மட்டும் நான் கடைசி வரிசையிலிருந்து திருப்பிச் சொல்வது, அந்தப் பிடி கிடைத்தால் மீதியை அப்பா சொல்லி முடித்துவிடுவார் என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா இரண்டு முறை சவரம் செய்தார். மாமா எங்களோடு கட்டடத்தின் வெளிவாசல்வரை வந்து, காவலாளியின் முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். இந்தக் கோட்டைத் தாண்டினால் என்னைக் கைது பண்ணுவாங்க என்று காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே போகும் வழியில் அப்பா லிஃப்டின் முன்னால் நின்று பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. குனிந்து விரல்களை அடுக்கினார். நான்கு. அது நின்ற பிறகும் ஒரு கணம் நடுங்கியதை நானும் பார்த்தேன்.

கூட்டத்தில் முதலில் வெளிச்சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று பேசினார்கள். அது முடியக் கால் மணி நேரம். அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் நான்காம் மாடி நாய். அப்பா சுவரோரமாக நின்றார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. கையிலிருந்த சீட்டு வியர்வையில் மெலிந்து துணி போலத் தொங்கியது. தலைவர் ஒருவழியாக லிஃப்ட் என்றார். மூன்று நிமிடம் என்றார். போன வாரம் சிரித்த ஆள், கரண்ட் இருக்கா பார்த்துக்குங்க என்று மறுபடியும் சொன்னான். முன்வரிசையில் தையற்காரம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வந்து உட்கார்ந்திருந்தார். வாசிக்க அவரிடமும் ஒரு தாள் இருந்தது.

அப்பா மைக்கை வாங்கவில்லை. அது தன் குரலைத் தனக்கே வேறு மாதிரிக் காட்டுகிறது என்று சொல்லியிருந்தார். வணக்கமும் சொல்லவில்லை.

"கயிறு அறாது," என்றார்.

என் முறை. வாயைத் திறந்தேன். என் இரு பக்கமும் ஆட்கள், முன்னால் அறுபது தலைகள். இரண்டே சொல்தான். எனக்கு வரவில்லை. அப்பா தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காத்திருந்தார். அவர் காத்திருப்பது என் குரலுக்காக என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஐந்து எண்ணினேன், பத்து எண்ணினேன். யாரோ இருமினார்கள். தலைவரின் கை மணிப்பக்கம் நகர்ந்தது.

"கயிறு அறாது. சரி," என்றது ஒரு எரிச்சலான குரல். தையற்காரம்மா. "கயிறு அறாதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்குப் பூட்டணும்?"

அப்பாவின் தோள்கள் இறங்கின. முகத்தில் ஏதோ ஒன்று இடத்தில் போய் உட்கார்ந்தது. அவர் தையற்காரம்மாவை மட்டும் பார்த்தார்.

"பிரேக் பிடிக்காது," என்றார். காத்திருந்தார்.

"பிரேக் பிடிக்காது?"

"மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு விரல் வழுக்கிச்சு."

யாரும் பேசவில்லை. அப்பாவும் பேசவில்லை. அவர் கூட்டத்தைச் சோதிப்பதாகச் சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் ஒரு நாற்காலியில் ஒரு பெரியவர் தன் ஒரு விரலை உயர்த்தி, அதைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

"இன்னிக்குக் காலையில நாலு விரல்."

"நாலு," என்று பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். சத்தம் கூடியது. பிரேக்கை இறுக்குகிற திருகு முடிந்துவிட்டது என்று அப்பா சொன்னபோது, கரண்ட் என்று சிரித்தவனே, "முடிஞ்சுபோச்சுன்னா, இனிமே இறுக்கவே முடியாதா?" என்று கேட்டான். இறுக்கவே முடியாது என்று அப்பா திருப்பிச் சொன்னார்.

"நீங்க கால் வைக்கும்போது வண்டி நகரும்."

இதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பா காத்திருந்தார். போன வாரத்தைப் போலவேதான் நின்றார், அதே சாய்ந்த தலையோடு. ஆனால் இப்போது அந்த மௌனத்தில் அவர் தனியாக இல்லை. தையற்காரம்மா மடியிலிருந்த தாளைப் பார்த்தபடி, யாருக்காகவும் இல்லாமல் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நகர்ந்துச்சு. புதன்கிழமை நகர்ந்துச்சு."

தலைவர் மணியடித்தார். மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்றார். இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி என்றார் அப்பா. மணியை வையுங்க சார் என்று இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"பதினோரு நாள் வேணும்."

தையற்காரம்மா எழுந்து நின்றார்.

"பதினோரு நாள்ல அஞ்சு தடவை நான் அவரைக் கீழ இறக்கணும். ஒன்பது மாடி. அவரை எப்படி இறக்குவேன்? சொல்லுங்க."

ஏழு வாக்கியத்தில் அதற்கு ஒன்றும் இல்லை. மாமா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே இல்லை. அப்பா சீட்டைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்தார்.

"பதினோரு நாள்ல அஞ்சு தடவை அவரைக் கீழ இறக்கணும்," என்றார். "ஒன்பது மாடி. எப்படி இறக்கறதுன்னு எனக்குத் தெரியல, அம்மா."

அவர் அதை ஒப்புக்குச் சொல்லவில்லை. புதன்கிழமை தன் மணிக்கட்டைப் பிடித்த கையோடு சேர்த்துச் சொன்னார். கூடம் அந்தக் கேள்வியோடு அப்படியே உட்கார்ந்திருந்தது. அதுவரை அது தையற்காரம்மாவின் கேள்வி. அப்பா அதைத் தன் வாயால் சொன்னதும் அங்கிருந்த எல்லாருடையதாகவும் ஆகிவிட்டது போலிருந்தது.

கடைசியில் விரலை உயர்த்திய பெரியவர்தான் ஆரம்பித்தார். கீழ் மாடியில் யார் வீட்டிலாவது ஒரு அறை காலியாக இருந்தால், பதினோரு நாளைக்கு அவர் அங்கேயே இருக்கலாமே என்றார். தையற்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"தலைவர் வீட்டுல பையன் ரூம் ரெண்டு வருஷமா பூட்டித்தான் கிடக்கு. ஜன்னல் திரை தச்சுக் குடுத்தது நான்தான்."

அறுபது தலைகளும் மேசைப்பக்கம் திரும்பின. தலைவர் மணியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். அறையில் சாமான் இருக்கிறது என்றார். சாமானை நாங்கள் எடுத்து வைக்கிறோம் என்றது கூடம். முதல் மாடிக்கும் படி உண்டு என்றார். பதினெட்டுப் படிதான், ஆளுக்கு ஒரு பக்கம் பிடிக்கலாம் என்று சிரித்தவன் சொன்னான். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார் தலைவர். அவர் மனைவி மூன்றாவது வரிசையிலிருந்து, என்னை ஏன் கேக்கணும், சாவி உங்க பாக்கெட்லதானே இருக்கு என்றார்.

முப்பத்தாறு வீடுகள். லிஃப்டைப் பூட்டப் பத்தொன்பது ஓட்டு தேவைப்பட்டது, இருபத்திரண்டு கிடைத்தது. தையற்காரம்மா தன் தாளை வாசிக்கவில்லை. கையைத் தூக்கினாரா என்று நான் பார்க்கத் தவறிவிட்டேன். அப்போது நான் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எண்ணிக்கை முடிகிறவரைக்கும் நின்று, எண்ணைத் தலைவரிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துவிட்டு, மோட்டார் அறைக்குப் படியேறினார்.

அணைப்பதற்கு முன் வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது. மாமா கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார், யாரும் தடுக்கவில்லை. லிஃப்டின் உள்ளே எட்டிப் பார்த்து, கிணற்றுக்குள் முகத்தை வைத்து, வண்டி காலி என்று குரல் கொடுத்தார். ஒன்பது மாடிக்கு மேலேயிருந்து அப்பாவின் குரல் இறங்கி வந்தது. வண்டி காலி. மெயினை அணைக்கிறேன். மாமா அதைத் திருப்பிச் சொன்னார். உள்விளக்கு அணைந்தது.

நான் முதல் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாததைப் பற்றி அப்பா எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் நானே, எனக்கு வாய் வரலப்பா என்றேன். "வாய் வரல," என்றார் அவர், தலையை ஆட்டிக்கொண்டு. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பிரேக்கைக் கழற்றினார்கள். ஒரு பக்கத்துப் பட்டை பாதி பெயர்ந்து, ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதைத் துணியில் சுற்றித் தலைவரின் மேசைமேல், மணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். அதோடு எந்தத் தாளும் வைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை லிஃப்ட் ஓடியது. முதல் மாடியில் கதவு திறந்தபோது தையற்காரம்மா சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தார். உடனே உள்ளே தள்ளவில்லை. நாற்காலியின் தடையைப் போட்டுவிட்டு, முழங்காலிட்டு, வாசல் விளிம்பில் கையை வைத்தார். முதலில் நான்கு விரலையும் படுக்க வைத்துப் பார்த்தார், பிறகு சுண்டுவிரல் நுனியை மட்டும்.

"ஒரு விரலும் நுழையல," என்றார்.

அப்பா உள்ளே, பொத்தான்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு விரலும் நுழையல," என்றார். அதற்குப் பிறகுதான் தையற்காரம்மா தடையை எடுத்தார்.